பிள்ளைகளின் உடுப்புக்கு இணையக் கடை: அளவிலிருந்து தொடங்குங்கள்

காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு புடவைக்கடைக்குள் போகும் தாய், கவுணைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். லைனிங் இருக்கிறதா, தையல் குத்துமா, பிறகு பெருப்பிக்கத் துணி விட்டுத் தைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிள்ளையின் முதுகில் வைத்து அளவு பிடிப்பார். இணையக் கடையில் அந்தக் கைக்கு எட்டாத எல்லாவற்றையும் உங்கள் இணையப் பக்கம்தான் சொல்லியாக வேண்டும். பூவும் பொம்மையும் வண்ணமும் அதற்குப் பிறகு.

அளவு

வயதை மட்டும் போட்டு விற்காதீர்கள். "2–3 வயது" என்ற லேபல் ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வோர் அளவு. சீனாவிலிருந்து வரும் உடுப்பில் 90, 100, 110 என்று இருக்கும். அது பிள்ளையின் உயரம், சென்ரிமீற்றரில். எந்த லேபலாக இருந்தாலும், ஒவ்வொரு டிசைனிலும் ஒவ்வொரு சைஸையும் நீங்களே அளங்கள்.

உடுப்பை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று. தோள் உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரை நீளம். காற்சட்டைக்கு இடுப்பை இரண்டு தரம் அளக்க வேண்டும்: இலாஸ்டிக்கை இழுக்காமல் ஒன்று, முழுதாக இழுத்து ஒன்று. எல்லாவற்றையும் அங்குலத்தில் எழுதுங்கள். தையற்காரரிடம் பழகிய கணக்கு அதுதான்.

இது உடுப்பின் அளவா, உடம்பின் அளவா என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே சொல்லுங்கள். பலர் பிழைவிடும் இடம் இது. மார்பு 22 அங்குலமுள்ள பிள்ளைக்கு 22 அங்குலச் சட்டை போட்டால் கையைத் தூக்க முடியாது. நெய்த துணியில் 3 அல்லது 4 அங்குலம் தளர்வு வேண்டும். இழுபடும் பனியன் துணிக்கு 1 அல்லது 2 போதும். "வீட்டில் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையை விரித்து அளந்து, இதோடு ஒப்பிடுங்கள்" என்ற வரியை அட்டவணைக்கு மேலே போடுங்கள். ஓடித் திரியும் பிள்ளையைப் பிடித்து அளப்பதைவிட அது எவ்வளவோ இலேசு.

பருத்தி முதல் கழுவலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கக்கூடும். 20 அங்குல நீளத்தில் அது 1 அங்குலம் வரை போகும். ஒவ்வொரு துணி வகையிலும் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அந்த அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். அட்டவணையைப் படமாகப் போட வேண்டாம். போனில் எண்கள் பொடியாகிவிடும்.

படம்

ஒரு உடுப்புக்கு 5 படம்: முன், பின், உள்பக்கம், துணியின் நெசவு கிட்டத்தில், பொத்தான் அல்லது ஸிப். உள்பக்கப் படத்தை விட்டுவிடாதீர்கள். நெட் கவுண் வாங்குபவர் முதலில் கேட்பது, உள்ளே பருத்தி லைனிங் உண்டா என்பதைத்தான். நமது வெக்கைக்கு அது இல்லாவிட்டால் பிள்ளை ஒரு மணித்தியாலம்கூட அதைப் போட்டிருக்காது.

காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், நேர் வெயில் விழாத யன்னலோரம் எடுங்கள். யன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைச் சாய்த்து வைத்தால் நிழல் மெலியும். ரியூப் லைட்டை அணைத்துவிடுங்கள்: இரண்டு வெளிச்சம் கலந்தால் சட்டையின் ஒரு கை நீலமாகவும் மற்றது மஞ்சளாகவும் விழும், பிறகு திருத்தவும் முடியாது. வெள்ளைச் சட்டைக்கு இளஞ்சாம்பல் விரிப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கரைந்துவிடும். கடும் சிவப்பில் போன் கமரா நெசவை அழித்துவிடுவதால் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். ஃபில்டர் வேண்டாம். நிறத்தைச் சொல்லாலும் எழுதுங்கள்: கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள், பாசிப்பச்சை.

போனில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். அப்படியே ஏற்றினால் டேட்டா குறைந்தவர் பக்கம் திறக்குமுன் போய்விடுவார். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வடிவில் 150 கிலோபைட்டுக்குள் வையுங்கள்.

பிள்ளைக்கு உடுத்தி எடுப்பதானால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பாடசாலைச் சின்னமோ வீட்டு இலக்கமோ படத்தில் விழக்கூடாது.

முகப்பும் எழுத்தும்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த விவரத்தை அப்படியே ஒட்டினால், வாங்குபவரின் போனில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே ஏற்றுங்கள். எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக்கூடாது. தமிழில் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரி இடைவெளி 1.6 மடங்கு வேண்டும். தலைப்புகளுக்குப் பலூ தம்பி 2 என்ற இலவச எழுத்துரு உருண்டு திரண்டு, பிள்ளைகளின் கடைக்கு வடிவாக இருக்கும். விவரங்களுக்கு அது வேண்டாம், நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

பின்னணி வெள்ளை, முக்கியமானதை எடுப்பாகக் காட்ட ஒரே ஒரு நிறம். உடுப்பே வண்ணம் கொண்டுவரும். பக்கமும் போட்டி போட்டால் இரண்டும் கெடும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து வாசிக்க முடியாது.

முகப்பில் வயதுப் பிரிவுகள் முதலில்: 0–12 மாதம், 1–3, 4–7, 8–12 வயது. அடுத்து விசேடங்கள். தைப்பொங்கலின் திகதியும் சித்திரைப் புத்தாண்டின் திகதியும் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய மாறாது. நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். அதைப் பார்த்து முகப்பை 6 வாரம் முன்பே மாற்றுங்கள். தேடலில் "கவுண்", "ஃபிரொக்" இரண்டுக்கும் ஒரே உடுப்பு வரவேண்டும். அம்பாறை நகரப் பக்கமும் விற்பதானால் சிங்களத்திலும் விவரம் தேவை.

விலையும் அனுப்புவதும்

"விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்" என்று எழுதாதீர்கள். கேட்க வெட்கப்பட்டே பலர் போய்விடுவார்கள். விலை, டெலிவரிச் செலவு, பார்சலைக் கையில் வாங்கிக் காசு கொடுக்கலாமா என்பது, அளவு மாற்ற எத்தனை நாள் என்பது: இந்த நான்கும் ஓடர் பட்டனுக்கு மேலேயே தெரிய வேண்டும். மாரியில் வெள்ளம் வந்தால் வீதிகள் தடைப்படும். நவம்பர் முதல் ஜனவரி வரை டெலிவரி நாட்களைக் கூட்டிப் போடுங்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் கடைசி ஓடர் திகதியை முகப்பில் பெரிதாக எழுதுங்கள்.

கழுத்தில் கயிறு கட்டும் உடுப்பைச் சிறு பிள்ளைகளுக்கு விற்கவே வேண்டாம். கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். 3 வயதுக்குக் குறைந்தவர்களின் உடுப்பில் மணியோ கல்லோ ஒட்டியிருந்தால் ஏற்றுமுன் இழுத்துப் பாருங்கள். கழன்றால் பிள்ளை விழுங்கிவிடும்.

கடையைத் திறக்குமுன், இணையக் கடையில் வாங்கிப் பழக்கமில்லாத ஒரு தாயிடம் பழைய போன் ஒன்றைக் கொடுத்து, 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு சட்டை ஓடர் பண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், உதவி செய்யாதீர்கள். அவர் எந்த இடத்தில் உங்களிடம் கேள்வி கேட்கிறாரோ, அந்தப் பதிலைப் பக்கத்தில் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.