ஆளோடு படகு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றுவது: கரையில் இருக்கும்போதே செய்துவிடுகிற தவறுகள்

கேப்டனும் ஊழியர்களும் சேர்ந்து வருகிற படகை முதல் தடவை வாடகைக்கு எடுக்கிறவர்கள் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். மேப்பைத் திறந்து, பெயர் கேள்விப்பட்ட தீவுகளையெல்லாம் ஒரே கோட்டில் கோர்ப்பது. நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆகஸ்ட் மாதம், ஏழு இரவு, கிரீஸின் சைக்லடீஸ் தீவுகள்: மிக்கோனோஸில் ஏறி பாரோஸ், நாக்சோஸ், ஐயோஸ், சாண்டோரினி, அப்புறம் திரும்ப மிக்கோனோஸ். பட்டியலை அனுப்பியதும் கேப்டனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "போகும்போது சரி, வரும்போது பார்ப்போம்." தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று கிளம்பும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் காற்று மட்டும், காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை அளக்கிற போஃபோர்ட் அளவில் 6, 7 என்று நாள் கணக்கில் வீசிக்கொண்டே இருக்கும். தெற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி சுகமாக இருந்த அதே காற்று, சாண்டோரினியிலிருந்து வடக்கே திரும்பியதும் முகத்தில் அறைந்தது. அங்கிருந்து மிக்கோனோஸுக்கு 60 கடல் மைலுக்கு மேல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பாய்மரக் கட்டமரான் (இரட்டை அடிப்பாகம் கொண்ட படகு) நல்ல நிலையில் மணிக்கு ஏழெட்டு கடல் மைல் போகும், எதிர்காற்றில் அதுவும் கிடையாது. தட்டுத் தடுமாறி ஐயோஸ் துறைமுகத்துக்குள் நுழைந்து கயிற்றைக் கட்டிய கேப்டன் இரண்டு நாள் அவிழ்க்கவே இல்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஃபெர்ரி ஏறி விமானத்தைப் பிடித்தோம். நாங்கள் பணம் கட்டிய படகு, காற்று தணிந்த பிறகு ஆளில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது.

கேப்டன் மேல் எந்தத் தப்பும் சொல்ல முடியாது. பாதுகாப்பு விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். "காசு கொடுத்திருக்கிறோம், கிளம்புங்கள்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, சொன்னால் கேட்கிற கேப்டனோடு கடலுக்குப் போகவும் கூடாது.

எனவே பாதை போடும்போது மேப்பில் விரலை வைத்து அளக்காதீர்கள். தூரத்தைக் கடல் மைலில் எடுத்து, பாய்மரப் படகென்றால் 6 அல்லது 7-ஆல் வகுத்துப் பாருங்கள், எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரப் பயணம் போதும். அதற்கு மேல் போனால் குளிக்க, நீந்த, கரையில் இறங்கி ஒரு தெருவைச் சுற்றிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. கோடையில் சைக்லடீஸ்தான் வேண்டுமென்றால் காற்று அமைதியாகக் கிடைக்கிற முதல் நாட்களிலேயே வடக்கே ஏறிவிட்டு, பிறகு தெற்கே இறங்கி அங்கேயே பயணத்தை முடிப்பது நல்லது. படகைத் தளத்துக்குத் திருப்பி ஓட்டிப்போகத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதை முன்பே பேசிவிடுங்கள். இல்லையென்றால் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சரோனிக் தீவுகள், மேற்குப் பக்கம் அயோனியன் தீவுகள் என்று போகலாம். அங்கே மெல்டெமியின் கொடுமை இவ்வளவு இல்லை. என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு அயோனியன்தான்.

மற்ற கடல்களிலும் மாதம்தான் முக்கியம். கரீபியனில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் முதல் முறை போகிறவர்களுக்கு ரொம்ப வசதி, பெரும்பாலான தீவுகள் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும். ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை அது சூறாவளிக் காலம், 2017 செப்டம்பரில் இர்மா அந்தத் தீவுகளை என்ன செய்தது என்று தேடிப் பாருங்கள். புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மிகப் பெரிய தள்ளுபடி என்று ஒரு விளம்பரம் வந்தால், முதலில் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து விலை. போட்டிருக்கிற தொகை படகுக்கும் ஊழியர்களுக்கும் ஆன வாடகை மட்டும் என்பதை நிறையப் பேர் முன்பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். மத்தியதரைக் கடலில் பெரும்பாலும் ஏபிஏ என்கிற செலவு முன்பணம் தனியாக உண்டு, வாடகையில் சுமார் 25 முதல் 35 சதவீதம். டீசல், சாப்பாடு, குடிபானம், துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போகும். கேப்டன் கணக்கு எழுதி வைப்பார், மிச்சம் இருந்தால் திரும்ப வரும், போதவில்லை என்றால் பயணத்தின் நடுவிலேயே இன்னும் கேட்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: வாடகை 30,000 யூரோ, அதில் 30 சதவீதம் ஏபிஏ 9,000, டிப்ஸ் 10 சதவீதம் என்று வைத்தால் 3,000. வரியைச் சேர்க்கும் முன்பே 42,000 ஆகிவிட்டது. வரி நாட்டுக்கு நாடு மாறும், அதனால் "இந்த விலையில் வரி சேர்த்தியா?" என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கரீபியனில் ஆளோடு வரும் கட்டமரான்களில் சாப்பாடு, குடிபானம் எல்லாம் சேர்த்தே விலை சொல்வது வழக்கம். ஆகவே இரண்டு இடத்து விலைகளையும் பக்கத்தில் வைத்து "அங்கே எவ்வளவு மலிவு" என்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

மோட்டார் படகு எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த வேகத்தில் மணிக்கு எத்தனை லிட்டர். 30 மீட்டர் படகொன்றை 20 கடல் மைல் வேகத்துக்கு மேல் விரட்டினால் ஒரு மணி நேரத்தில் சில நூறு லிட்டர் டீசல் காலி. அதே படகை 10, 12-இல் ஓட்டினால் செலவு மளமளவென்று இறங்கும். "கொஞ்சம் வேகமாகப் போகலாமே" என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் கரைவது நம் ஏபிஏ.

இதைவிட அடிப்படையான குழப்பம், எதை வாடகைக்கு எடுக்கிறோம் என்பதிலேயே இருக்கிறது. கேப்டன் மட்டும் வருகிற படகு வேறு, சமையல் ஆள், பரிமாறுகிறவர் என்று முழு ஊழியர்களோடு வருவது வேறு. முதல் வகையில் படகை ஓட்ட மட்டும்தான் அவர். சமையல், பாத்திரம், கடைக்குப் போவது எல்லாம் நம் தலையில், அவருக்குச் சாப்பாடு போடுவதும் நம் பொறுப்பே. அது மட்டும் இல்லை, அவர் படுக்க ஓர் இடம் வேண்டும். தனி ஊழியர் கேபின் இல்லாத படகில் நாலு கேபின் என்று நம்பி நாலு தம்பதிகள் கிளம்பி வந்தால், ஒரு கேபின் கேப்டனுக்குப் போய்விட ஒரு தம்பதி ஹாலில் படுக்க வேண்டியதாகிவிடும். விளம்பரத்தில் "8+2" என்று போட்டிருப்பார்கள், அந்த இரண்டு பேருக்கு உண்மையில் கேபினே கிடையாது, சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுக்கையாக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். படகின் தரைப்படத்தைக் கேட்டு வாங்கி, யார் எங்கே படுக்கப் போகிறார்கள் என்று பெயர் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முன்பக்கக் கேபின் அலையில் அதிகம் தூக்கிப் போடும், பெரியவர்களுக்கும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் நடுவிலோ பின்பக்கமோ கொடுங்கள். பெரிய கூட்டமாகப் போகிறவர்களுக்கு: சார்ட்டர் படகுகளில், அதாவது இப்படி வாடகைக்கு வரும் படகுகளில், பொதுவாக 12 விருந்தினர்தான் உச்சம், அதற்கு மேல் போனால் பயணிகள் கப்பலுக்கான சர்வதேச விதிகள் வந்துவிடும். "ஒரு குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பதெல்லாம் எடுபடாது, ஒரு வயது நிரம்பிய குழந்தையும் ஒரு தலைதான்.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு விருப்பப் படிவம் ஒன்று அனுப்புவார்கள். இதைக் கடைசி நேரத்தில் ஃபோனில் அவசரமாக நிரப்புவதுதான் நான் பார்த்ததிலேயே சுலபமாகத் தவிர்க்கக்கூடிய தவறு. சமையல்காரர் கரையை விட்டுக் கிளம்பும்போது வாங்கி வைப்பதுதான் வாரம் முழுக்க. நடுவில் ஒரு குட்டித் தீவில் போய் "எனக்கு ஓட்ஸ் பால்தான் வேண்டும்" என்றால் எங்கே போவார், பாவம். சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள், முட்டை உண்டா, மீன் சாறு ஊற்றிய சூப் ஆகுமா, ஜெலட்டின் போட்ட இனிப்பு ஆகுமா என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வாமையைப் பெரிய எழுத்தில் போடுங்கள். யாருக்கு நீந்தத் தெரியாது என்பதையும் கூச்சமில்லாமல் எழுதிவிடுங்கள், குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

விசா விஷயத்தில் மாட்டுகிறவர்களும் உண்டு. கிரீஸின் கோஸ் தீவிலிருந்து பார்த்தால் எதிரே துருக்கியின் போட்ரும் தெரியும், "ஒரு எட்டு போய் வருவோமே" என்று தோன்றும். நடுவில் இருப்பது நாட்டின் எல்லை. அதே மாதிரி குரோஷியா 2023 ஜனவரி 1-இல் ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள்) வந்துவிட்டது, மான்டினீக்ரோ வரவில்லை. குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து மான்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவைப் பார்க்கப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறிய கணக்கு. கையில் இருப்பது ஒரே நுழைவு விசா என்றால் திரும்ப உள்ளே வர முடியாது. படகுக்கும் தனியே காகித வேலை இருக்கிறது, எல்லாப் படகுக்கும் எல்லா நாட்டிலும் விருந்தினரை ஏற்றிச் செல்ல அனுமதி இருக்காது.

சின்ன விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கெட்டியான சூட்கேஸ் வேண்டாம், வைக்க இடமே இருக்காது, மடக்குகிற துணிப்பை கொண்டு போங்கள். செருப்பை ஏறும் இடத்திலேயே ஒரு கூடையில் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடமாட வேண்டும். ஸ்ப்ரே வகை சன்ஸ்கிரீன் தேக்குப் பலகையில் கறை ஏற்றும், கிரீம் போதும். பல படகுகளில் கழிப்பறைக்குள் காகிதம் போடக் கூடாது. முதல் நாள் சொல்லும்போது சிரிப்பார்கள், அடைத்துக்கொண்டு எஞ்சினியர் கையுறை மாட்டும்போது யாரும் சிரிப்பதில்லை. கடல் மயக்கத்துக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அதுவும் கூடவே வெளியே வந்துவிடும். தலை சுற்றினால் கேபினுக்குள் போய்ப் படுக்காமல் மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

ஊழியர்கள் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ராத்திரி 2 மணி வரை கூத்தடித்துவிட்டு காலை 6 மணிக்கு அடுத்த தீவுக்குக் கிளம்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடலில் வேலை செய்கிறவர்களுக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டே பேர் இருக்கிற படகில் அவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான், அவர்கள் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஐயோஸில் மாட்டிக்கிடந்த இரண்டாவது ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கேப்டன் டெக்கில் டார்ச்சோடு உட்கார்ந்து கட்டியிருந்த கயிறு உரசுகிற இடத்தில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு காபி வந்தது, அதைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

டிப்ஸ் ஏபிஏ-வில் சேராது. மத்தியதரைக் கடலில் வாடகையில் 5 முதல் 15 சதவீதம், கரீபியனில் 15 முதல் 20 வரை என்று பழக்கம். பிடித்த ஒருவர் கையில் தனியாகத் திணிக்காமல் கவரில் போட்டு கேப்டனிடம் கொடுங்கள், அவர் எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார். கடைசிக் காலை ஏபிஏ கணக்கு ரசீதுக் கட்டோடு மேசைக்கு வரும், சங்கடப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள், நல்ல கேப்டன் எதிரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவார். டிப்ஸுக்கான ரொக்கத்தை ஏறும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். இறங்குகிற ஊரில் ஏடிஎம் இருக்கும்தான், ஆனால் நாங்கள் அவசரமாக இறங்கிய இடத்தில் அதன் முன்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எங்கள் ஃபெர்ரி ஊதிக்கொண்டிருந்தது.