வீட்டிலேயே ஹைப்போகுளோரஸ் அமிலம்: ஆபத்தில்லாமல் தயாரிப்பது எப்படி?

குளச்சலில் இருந்து சாளை வாங்கி வந்த நாளில் பலகை, அரிவாள்மனை, தொட்டி எல்லாவற்றிலும் உளும்பு நாற்றம் ஏறிவிடும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் அம்மாவுக்கு இருமல் அடங்காது. அதனால்தான் உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைப்போகுளோரஸ் அமிலம் தரும் ஜாடி ஒன்று வாங்கினேன். நம் இரத்த வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல உண்டாக்குவதும் இதைத்தான். அதற்காக எப்படித் தயாரித்தாலும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜாடியில் 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், 2 கிராம் சுத்த உப்பு, 1 தேக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்துக் கரைத்துப் பொத்தானை அழுத்துங்கள். ஹைட்ரஜன் வாயு வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நான் சிக்கிய இடம் இதுதான். முதல் மாதம் கிணற்றுத் தண்ணீரில் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைப் போட்டேன், வினிகர் விடவில்லை. தகடுகளில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்தது. குளோரின் அளவைக் காட்டும் சோதனைப் பட்டை 200 பி.பி.எம். (லிட்டருக்கு 200 மில்லிகிராம்) காட்டியதால் சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் 9! கையில் இருந்தது வெறும் நீர்த்த பிளீச். பி.எச். 7.5-ல் ஹைப்போகுளோரஸ் அமிலமும், பிளீச்சில் இருக்கும் ஹைப்போகுளோரைட்டும் பாதிப் பாதி இருக்கும். அதற்கு மேலே போகப் போக ஹைப்போகுளோரைட் கூடும், கிருமி சாக நேரம் பிடிக்கும். 4-க்குக் கீழே இறங்கினால் குளோரின் வாயு கிளம்பும். 5-க்கும் 6-க்கும் நடுவே நிறுத்துங்கள். பட்டை, தாள் இரண்டும் வேண்டும். விலை கூடிய டிஜிட்டல் மீட்டரை விட இவைதான் எனக்குப் பிடிக்கும்.

மீன் இரத்தமும் செதிலும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஜாடியில் தயாரித்த கரைசலைத் தெளித்து, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அரிவாள்மனையை உடனே துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். வெயில் பட்டால் கரைசலின் வீரியம் போய்விடும், கறுப்பு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். நாள்பட்டதைப் பட்டை வைத்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: "கடையில் வாங்கும் பிளீச்சில் வினிகர் விட்டால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. அதில் குளோரின் பல மடங்கு செறிவு. வினிகர் விட்ட மாத்திரத்தில் நச்சு வாயு வரும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. கழிவறை ஆசிட் கலந்தாலும் அதே கதைதான்.

இன்னொருவர் நெபுலைசரில் விடலாமா என்றார். வேண்டாம். நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் இல்லை இது. மூடிய அறையில் புகையாக அடிப்பதும் வேண்டாம். துணியை இதில் நனைத்துத் துடையுங்கள்.