அமெரிக்காவில் நிலம் பெற்ற ஒரு விவசாயத் தம்பதி: குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குவது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சமவெளிகளில் குடியேறி விவசாயம் செய்தவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்தினர். நாட்குறிப்பு எழுதியவர்கள் குறைவு. இருந்தும் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. நிலத்தை இலவசமாகக் கொடுத்த அரசு, அதற்கு ஈடாக மனு, சாட்சி, கையெழுத்து என்று வரிசையாகக் காகிதம் கேட்டதுதான் காரணம்.

வம்சாவளித் தேடலுக்குப் புதியவர்கள் ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு பழகுவது நல்லது. நான் பரிந்துரைப்பது நெப்ராஸ்கா மாநிலம் பியாட்ரிஸ் ஊருக்கு அருகே வாழ்ந்த டேனியல் ஃப்ரீமன், ஆக்னஸ் சூட்டர் தம்பதியை. குடியேறிப் பயிர் செய்பவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி முதலில் நிலம் கேட்டு மனு கொடுத்தவர் என்று பெயர் பெற்றவர் டேனியல். அவர்களுடைய நிலம் இன்று தேசியப் பூங்கா.

படி 1: கேள்விப்பட்டதையும் காகிதத்தில் இருப்பதையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வாய்வழிச் செய்தி, வலப்பக்கம் ஆவணம்.

1863 ஜனவரி 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. புத்தாண்டுக்கு முந்தைய இரவு பிரவுன்வில் ஊரில் நில அலுவலக ஊழியரைச் சந்தித்துப் பேசி, நள்ளிரவு தாண்டியதும் அலுவலகத்தைத் திறக்கவைத்து டேனியல் மனு போட்டார் என்பது பிரபலமான கதை. அது இடப்பக்கம். மனு எண் 1, அதன் தேதி ஆகியவை வலப்பக்கம். தேட ஆரம்பித்த பிறகு பிரிக்கலாம் என்று விட்டால் இரண்டும் கலந்துவிடும். அப்புறம் எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

படி 2: நிலத்தைப் பிடியுங்கள்

என்னைக் கேட்டால், வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது. நிலத்தின் பட்டா, கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாநிலம், மாவட்டம், பெயர் மூன்றையும் கொடுத்தால் போதும். டேனியலின் பட்டா 1869 செப்டம்பர் 1 தேதியிட்டது.

பட்டாவில் நில விவரம் சுருக்கெழுத்துப் போல இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு டவுன்ஷிப் என்பது பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரம். அதில் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். செக்‌ஷனை நான்காகப் பிரித்தால் 160 ஏக்கர், சட்டம் ஒருவருக்கு அனுமதித்த அதிகபட்ச அளவு. டேனியலுக்கு அது ஒரே சதுரமாக அமையவில்லை. 26ஆம் செக்‌ஷனில் ஒரு 80 ஏக்கரும் இரண்டு 40 ஏக்கர்களும் சேர்ந்த நிலம் அது. இதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள், சீக்கிரம் பிடிபடும்.

பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு கோப்பு இருக்கும். மாநிலம், நில அலுவலகத்தின் பெயர், சான்றிதழ் எண், நில விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதினால், கட்டணம் பெற்றுக்கொண்டு நகல் தருவார்கள். ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்ததற்கான சாட்சியம் அதில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பமாக இருந்தால் குடியுரிமைக் காகிதமும் சேர்ந்தே கிடைக்கலாம்.

ஃப்ரீமன் கோப்பில் இரண்டு பேர் சாட்சி சொல்கிறார்கள். பாதி மரக்கட்டை, பாதி பலகைச் சட்டம் கொண்டு கட்டிய வீடு, 14க்கு 20 அடி, ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை. சுமார் 35 ஏக்கர் உழுது வேலி போட்டாயிற்று. ஒரு லாயம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளக் கிடங்கு. 40 ஆப்பிள் மரம், ஏறக்குறைய 400 பீச் மரம். எந்தக் குடும்பக் கதையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

அதே சாட்சியத்தில் குடும்பத்தைப் பற்றி உள்ளது ஒரு வரிதான்: மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடையவர். மனைவியின் பெயர் இல்லை.

படி 3: சென்சஸ்

பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்புத் தாள்கள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசம். கணக்கு தொடங்கி உள்ளே போனால் அசல் தாளின் படத்தையே பார்க்கலாம். தட்டச்சு செய்த பட்டியலை மட்டும் நம்பாமல் படத்தைத் திறந்து படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்பதும் தெரியும்.

1850க்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1880இல்தான் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்கத் தொடங்கினார்கள். அதனால் 1870 தாளில் ஒரு பெண்ணின் பெயருக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அவர் பெற்றவர்கள் என்று முடிவு கட்டக் கூடாது. டேனியலுக்கு ஆக்னஸ் இரண்டாவது மனைவி. முதல் மனைவிக்கும் பிள்ளைகள் உண்டு. 1890 தாள்கள் 1921இல் நடந்த தீ விபத்தை அடுத்துப் பெரும்பாலும் அழிந்துபோயின. நெப்ராஸ்காவைப் பொறுத்தவரை 1885இல் எடுத்த தனிக் கணக்கெடுப்பு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

படி 4: மனைவியைத் தேடுங்கள்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். பட்டா, வரி, வழக்கு எல்லாம் கணவன் பெயரில். ஹோம்ஸ்டெட் சட்டத்தில் திருமணமாகாத பெண்ணும் விதவையும் மனு போடலாம். கணவனோடு வாழும் பெண்ணுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. 400 பீச் மரங்களை வளர்த்ததில் ஆக்னஸின் உழைப்பு எவ்வளவு என்பதை எந்தத் தாளும் சொல்லவில்லை. அவரைத் தனியாகத் தேடாமல் எழுதும் குடும்ப வரலாறு பாதி வரலாறுதான்.

முதலில் திருமணப் பதிவு. மாப்பிள்ளை ஊரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பெண் வீட்டில் கல்யாணம் நடப்பதே வழக்கம். ஆக்னஸின் ஊர் அயோவாவில் மிசிசிப்பிக் கரையிலுள்ள லெக்லேர். 1865 பிப்ரவரி 8 அன்று அங்கேதான் திருமணம். டேனியலின் சகோதரர் ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் ஆக்னஸ் என்றும், ஜேம்ஸ் உள்நாட்டுப் போரின்போது இறந்தபின் டேனியல் கடிதம் வழியாகப் பழகி மணந்தார் என்றும் சொல்வார்கள்.

பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்ததும், அந்தப் பெயரோடு 1850, 1860 சென்சஸுக்குப் போங்கள். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் வரிசையாக வருவார்கள். எழுத்து மாறியிருக்கும், இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். 1900 தாளைத் தவறவிடாதீர்கள்: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், அதில் எத்தனை பேர் உயிரோடு என்று பெண்களிடம் கேட்டு எழுதிய இரண்டு கட்டங்கள் அதில் உண்டு. இளம் வயதில் இறந்த குழந்தையின் ஒரே தடயம் சில சமயம் அந்த எண்தான்.

டேனியல் 1908 டிசம்பர் 30 அன்று இறந்தார். ஆக்னஸ் 1931 வரை வாழ்ந்தார். ஆகவே 1910, 1920, 1930 தாள்களில் அவரை அவர் பெயரிலேயே தேட வேண்டும்.

படி 5: செய்தித்தாள், நீதிமன்றம்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களை இலவசமாக ஏற்றியிருக்கிறது. மரணச் செய்தியில் தொடங்குங்கள். நீதிமன்றப் பதிவுகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பள்ளியில் ஆசிரியர் பைபிள் வாசிப்பதை எதிர்த்து டேனியல் தொடுத்த வழக்கில் 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டாவில் தெரியாத மனிதர் அங்கே தெரிகிறார்.

படி 6: அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?

நிலக் கோப்பின் சாட்சியத்தில் இன்னொரு வரி உண்டு: அந்த நிலத்தில் உரிமை கோரக்கூடிய வேறு யாரும் குடியிருக்கவில்லை. அது சட்டத்துக்கான வாசகம். அந்தப் பகுதியின் நிலத்தை 1854 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தவர்கள் ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்கள். அதன்பின் பிக் ப்ளூ ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒதுக்கிய நிலமும் போய், 1881இல் இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். ஒப்பந்தத்தின் முழு வாசகமும் இணையத்தில் கிடைக்கிறது. அதைப் படித்து, நீங்கள் தேடும் குடும்பத்தின் காலவரிசையில் பட்டாவுக்கு மேலே முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.