காட்ஸில்லா கேள்வி போடுகிறவர்களே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு வினாடி வினாவுக்குப் போயிருந்தேன். கேள்வி கேட்ட பையன் காட்ஸில்லா பற்றி ஐந்து கேள்வி வைத்திருந்தான், அதில் மூன்று தப்பு. கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் மூன்றையும் ஒரு காலத்தில் மேடையேறிக் கேட்டவன் நான். முதல் படம் 1954 நவம்பர் 3 வெளியீடு, இயக்கம் இஷிரோ ஹோண்டா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதில் தப்பினால் அரங்கத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள்.

இரண்டு கிளைமாக்ஸ் கதை

1962-ல் வந்த 'கிங் காங் எதிர் காட்ஸில்லா' படத்துக்கு இரண்டு முடிவு உண்டாம், ஜப்பானில் காட்ஸில்லா ஜெயிக்குமாம், அமெரிக்காவில் காங் ஜெயிக்குமாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அவரவர் ஊர்க்காரன் அவரவர் ஊரில் ஜெயிக்கிறான், யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கும் வரவில்லை. ஒரு கல்லூரிப் போட்டியின் கடைசிச் சுற்றில் இதையே கேட்டேன். "இரண்டிலும் ஒரே முடிவுதான் சார்" என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள், நான் சிரித்துக்கொண்டே பூஜ்யம் போட்டேன், அவள் அணி கோப்பையை இழந்தது. ஒரு வருடம் கழித்துதான் இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

நடப்பது இதுதான். இரண்டும் அடாமி கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டுக் கடலில் விழுகின்றன. காங் மட்டும் மேலே வந்து நீந்திப் போகிறது, காட்ஸில்லாவைக் காணவில்லை. ஜப்பானியப் பதிப்பின் முடிவில் இரண்டின் கர்ஜனையும் கேட்கும், 1963-ல் வந்த அமெரிக்கப் பதிப்பில் காங்கினுடையது மட்டும். முடிவில் வித்தியாசம் அவ்வளவுதான். மற்றபடி அமெரிக்கர்கள் செய்தி வாசிப்பவர் வரும் காட்சிகளைச் செருகி, அகிரா இஃபுகுபேயின் இசையில் பெரும்பகுதியைத் தூக்கிவிட்டார்கள், அதைப் பற்றி ஒருவரும் கேள்வி போடுவதில்லை. வீடியோ கேசட் இல்லாத காலத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை, பரவியது, சரி. இன்றும் அதையே கேட்டால் எப்படி? அந்தப் பையன் அன்று விடையை அறிவித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வந்தது.

பெயர்க் கதை

கொரில்லாவும் குஜிராவும், அதாவது திமிங்கிலமும், சேர்ந்து கோஜிரா, காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர். இதோடு நிறுத்துங்கள். படத்தை எடுத்த டோஹோ ஸ்டுடியோவில் அந்தப் பட்டப்பெயரோடு ஒரு தடியன் இருந்தான் என்ற கதையை ஹோண்டாவின் மனைவியே நம்பவில்லை.

கர்ஜனை எந்த மிருகத்துடையது?

எந்த மிருகத்துடையதும் இல்லை. டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தளர்த்திய கம்பியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து எடுத்த சத்தம்.

ரப்பர் பொம்மை என்று நக்கலடிப்பது

முதல் படத்தின் தந்திரக்காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயாவுக்கு 1933-ன் 'கிங் காங்' மீது பைத்தியம். அதைப் போலவே ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக, எடுக்கத்தான் ஆசை, ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும், டோஹோவிடம் இருந்ததோ சில மாதங்கள். அதனால்தான் உடைக்குள் ஆள். எடை ஏறத்தாழ 100 கிலோ, விளக்குச் சூடு வேறு. உள்ளே இருந்த ஹருவோ நகாஜிமா மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர். கேமராவை வேகமாக ஓட்டி எடுத்து வழக்கமான வேகத்தில் காட்டியதால் திரையில் எல்லாம் நிதானமாக, கனமாக விழுகிறது. அதே 1954-ல் வந்த 'செவன் சாமுராய்' படத்தில் கொள்ளைக்காரனாகவும் இவர் தலைகாட்டியிருக்கிறார், கேட்பதென்றால் இதைக் கேளுங்களேன்.

ரேமண்ட் பர்

முதல் படத்தின் 1956 அமெரிக்கப் பதிப்புக்காகச் சேர்க்கப்பட்ட நடிகர். அசல் படத்தில் கிடையாது.

பச்சை நிறம்

1954 உடை கரும் சாம்பல். படமே கறுப்பு வெள்ளை, அப்புறம் எங்கே பச்சை?