ஸ்டோரேஜ், க்ளவுட், ஃபயர்வால் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்துக்கு ஸ்டோரேஜ் வாங்கலாம் என்று பேச்சு தொடங்கியதும் முதலில் வரும் கேள்வி "எத்தனை டெராபைட்?" என்பதுதான். அடுத்து "எந்தக் கம்பெனி?", அப்புறம் "கடைசி விலை என்ன?". மூன்றும் கேட்க வேண்டியவைதான், ஆனால் மூன்றுமே டேட்டாவை உள்ளே போடுவதைப் பற்றியவை. போட்டதைத் திரும்ப எடுத்தே ஆகவேண்டிய ஒரு நாள் வரும், அன்றைக்கு அது எங்கே இருக்கும், யார் எடுப்பார்கள், எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்பவர்கள் குறைவு. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதைக் கேட்காததால் வருபவை.

எனவே, எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு எண்களை முடிவு செய்யுங்கள். எவ்வளவு நேரத்து வேலை அழிந்தால் உங்களால் தாங்க முடியும்? சிஸ்டமே இல்லாமல் எவ்வளவு நேரம் சமாளிக்க முடியும்? ஐடி ஆட்கள் இவற்றை ஆர்பிஓ, ஆர்டிஓ என்பார்கள். பில்லிங் டேட்டாவுக்கு இது 15 நிமிடமாக இருக்கலாம். மூன்று வருடத்துக்கு முந்தைய டிசைன் ஃபைல்கள் வர ஒரு வாரம் ஆனாலும் யாரும் கவலைப்படமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் ஒன்று தேவைக்கு மேல் செலவாகும், இல்லையென்றால் முக்கியமானது அம்போ என்று கிடக்கும்.

இந்த இரண்டாவது எண்ணில் பலரும் சறுக்குவது இணைய வேகத்தில். 10 டெராபைட் பேக்கப் க்ளவுடில் பத்திரமாக இருக்கிறது, அலுவலகத்தில் 100 எம்பிபிஎஸ் லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் ஒரு நொடி கூட நிற்காமல் முழு வேகத்தில் ஓடினாலும் அவ்வளவும் இறங்க 9 நாட்களுக்கு மேல் ஆகும். பேக்கப் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் அதுவரை தொழில் படுத்துக்கிடக்கும். கோட்டேஷன் கொடுப்பவர் இந்தக் கணக்கைத் தானாகப் போட்டுக்காட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், நீங்கள்தான் கால்குலேட்டரை எடுக்க வேண்டும்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

இந்தத் தவறுக்கு வயது அதிகம், இன்னும் ஓய்ந்தபாடில்லை. ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை. ரெய்டு 5 என்றால் ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது, ரெய்டு 6 என்றால் இரண்டு. அவ்வளவுதான் அதன் வேலை. யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்கிலும் சேர்ந்தே அழியும், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் எல்லா டிஸ்கிலும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும், பெட்டியையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் பேச்சே இல்லை. இரண்டு இடத்திலும் ஃபைலை ஒரேமாதிரி வைத்திருக்கும் சிங்க்கும் இதே கதைதான். இங்கே கெட்டுப்போன ஃபைலை அங்கேயும் கெட்டதாக ஆக்கிவைப்பதை அது ஒழுங்காகச் செய்யும்.

ரெய்டு 5-ஐ இன்றைய பெரிய டிஸ்குகளில் போடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு டிஸ்க் செத்து, புதியது மாட்டினால், அதை நிரப்ப மீதி எல்லா டிஸ்கையும் தலைமுதல் கால்வரை படிக்க வேண்டும். 16 டெராபைட் டிஸ்குகளில் இது ஒரு நாளைத் தாண்டிப் போகலாம். பெரும்பாலும் எல்லா டிஸ்கும் ஒரே நாளில் ஒரே பேட்சில் வாங்கியவை, ஒரே அளவு தேய்ந்தவை, அந்த நேரத்தில்தான் அவற்றுக்கு அதிகபட்ச வேலை. சாதாரண டிஸ்குகளின் விவரத் தாளில் படிக்க முடியாத பிழை 10^14 பிட்டுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று போட்டிருக்கும். அந்த எல்லை வெறும் 12.5 டெராபைட்தான். நடைமுறையில் டிஸ்குகள் இதைவிட நன்றாகவே ஓடுகின்றன, இருந்தாலும் தயாரித்தவரே அதற்கு மேல் உறுதி கொடுக்காத இடத்தில் கம்பெனிக் கணக்கை வைப்பானேன்?

டிஸ்க் வகையையும் பாருங்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை நாஸ் (நெட்வொர்க்கில் பலரும் பகிரும் ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்குகளில் சிலவற்றில் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் பயன்படுத்தியது வெளியே வந்து வழக்கு வரை போனது. எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும், எனவே தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும், ரெய்டை மீண்டும் கட்டும்போது அதுவே வினையாகும். விவரத் தாளில் சிஎம்ஆர் (தடங்கள் படியாத வகை) என்று இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

நாஸ் வாங்கியவர்கள் செய்யும் இன்னொரு காரியம், வீட்டிலிருந்தும் ஃபைல் பார்க்க வசதியாக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து அதை நேரே இணையத்தில் விடுவது. 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் க்யூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளைத் தாக்கியபோது மாட்டியவை இப்படி வெளியே தெரிந்தவைதான். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் விபிஎன் (மறையாக்கிய தனிப் பாதை) வழியாக வாருங்கள்.

பேக்கப் ஓடுகிறது என்று நம்புவது

2017 ஜனவரி 31 இரவு, புரோகிராம் கோடைச் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை ஐடி பக்கம் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். அவர்களே மறைக்காமல் முழுதாக எழுதிவைத்திருக்கிறார்கள். துணை டேட்டாபேஸ் சர்வர் பின்தங்கிப்போய்விட்டது, அதைச் சரிசெய்ய அதன் டேட்டா ஃபோல்டரை அழிக்க முடிவெடுத்தார் ஒரு எஞ்சினியர், கட்டளையைக் கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் உறைத்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், தினமும் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) ஒன்றுகூட இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2, எனவே அது ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழை வந்தால் மெயில் வர வேண்டுமே? மெயில் கிளம்பியது, அனுப்பியவரைச் சரிபார்க்கும் அமைப்பு சரியாக இல்லாததால் பெறும் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது, வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்). அது இருந்த டிஸ்க் மெதுவானது என்பதால் காப்பி செய்வதிலேயே நேரம் போய், தளம் திரும்பி வர சுமார் 18 மணி நேரம் ஆனது. கைதேர்ந்த ஆட்கள், பல அடுக்கு பேக்கப், அப்படியும் இந்த நிலை.

இதிலிருந்து வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. பேக்கப் சாஃப்ட்வேர் விற்க வருபவரிடம் டெமோவில் பேக்கப் எடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள், அது எல்லோருக்கும் வரும். வேறு ஒரு மெஷினில் ரெஸ்டோர் செய்து, உங்கள் அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் அதில் திறக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அப்புறம் பேக்கப் நின்றுபோனால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். "தோல்வி அடைந்தால் மெயில் வரும்" என்பது பாதி பதில்தான். வெற்றி மெயில் வராத நாளை யார் கவனிப்பார்கள் என்பது மீதி.

க்ளவுடில் போட்டாயிற்று, இனி அவர்கள் பொறுப்பு

இல்லை. க்ளவுட் நிறுவனங்கள் எல்லாமே பொறுப்பைப் பிரித்து எழுதிவைத்திருக்கின்றன: கட்டடம், மின்சாரம், டிஸ்க் அவர்களுடையது, உங்கள் டேட்டா, பாஸ்வேர்டு, யாருக்கு அனுமதி என்பது உங்களுடையது. அமேசானின் எஸ்3 என்ற க்ளவுட் ஸ்டோரேஜ் 99.999999999 சதவீதம் நீடித்திருக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்பார்கள். அது டிஸ்க் செத்துப்போவதற்கு எதிரான கணக்கு. நீங்களே அழித்தாலோ, உங்கள் பாஸ்வேர்டைத் திருடியவர் அழித்தாலோ, அதை அவ்வளவு நம்பகமாக அழித்துக் கொடுக்கும். மைக்ரோசாஃப்ட் 365-இல் ஷேர்பாயின்ட் ரீசைக்கிள் பின் 93 நாள் வைத்திருக்கும், 94-ஆவது நாள் ஞாபகம் வந்தால் தனியாக எடுத்த பேக்கப்தான் கதி.

2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் என்ற க்ளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சில வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் போயிற்று. 2023 ஆகஸ்ட்டில் டென்மார்க்கின் க்ளவுட்நார்டிக் என்ற க்ளவுட் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்தபோது பேக்கப் சர்வர்களும் சேர்ந்து பூட்டப்பட்டன, பெரும்பாலான வாடிக்கையாளர்களின் டேட்டா திரும்பவே இல்லை. 2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்கு ஒருவன் கையில் சிக்கியது. டேட்டாவும் பேக்கப்பும் ஒரே கணக்கில் இருந்ததால் பெரும்பகுதியை அவன் அழித்துவிட்டான், நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது. பெட்டகச் சாவியின் நகலை அதே பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிய மாதிரிதான் இது.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் க்ளவுட் அமைப்பு, கூகுள் பக்கத்தில் ஏதோ ஓர் அமைப்பைக் காலியாக விட்டதால் தானாகவே அழிந்துபோனது. வேறொரு நிறுவனத்திடம் தனியாக பேக்கப் வைத்திருந்தது மீட்க உதவியது. அப்படியும் சுமார் ஒரு வாரம் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே, ஒரு பிரதியாவது வேறு கணக்கில், வேறு பாஸ்வேர்டில், முடிந்தால் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். குறிப்பிட்ட நாள் வரை யாராலும், நிர்வாகியாலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இப்போது பல சேவைகளில் இருக்கிறது. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தண்டமில்லை.

விலை விஷயத்தில் ஏமாறுவது மாத வாடகையை மட்டும் பார்ப்பதால். உள்ளே போட பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்க ஜிபிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். மலிவான ஆர்க்கைவ் வகைகளில் இன்னும் கொக்கிகள் உண்டு. அமேசானின் டீப் ஆர்க்கைவில் போட்டதை 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாளுக்கும் காசு, திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை, மலிவான வழியில் 48 மணி நேரம் வரை ஆகும். ஏழு வருடம் தொடப்போவதில்லை என்ற ஆவணங்களுக்கு இது அருமையான இடம், நேற்றைய பேக்கப்புக்கு இல்லை. எஸ்எல்ஏ (சேவை எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்ற உறுதி) என்பதையும் இழப்பீடு என்று நினைத்துவிடாதீர்கள். 99.9 சதவீதம் என்றாலே மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள், அதற்கு மேல் நின்றால் பொதுவாக அடுத்த பில்லில் கொஞ்சம் கழிப்பார்கள். உங்கள் வியாபார நஷ்டம் அதில் வராது.

ஃபயர்வால் வாங்கினால் பாதுகாப்பு வந்துவிடுமா?

ஃபயர்வால் என்பது உங்கள் நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று போவதையும் வருவதையும் சோதிக்கும் பெட்டி. அதன் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகம், எந்தச் சோதனையும் செய்யாமல் பாக்கெட்டுகளைத் தள்ளிவிடும்போது வருவது. ஊடுருவல் தடுப்பு, மறையாக்கிய ட்ராஃபிக்கைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் போட்டால் அது பல மடங்கு குறையும். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று நாலு பேர் புலம்பியதும் சோதனைகளை ஒவ்வொன்றாக அணைத்துவைப்பார்கள், கடைசியில் விலை உயர்ந்த ரவுட்டர்தான் மிஞ்சும். மூன்று வருட லைசென்ஸ் புதுப்பிப்புக் கட்டணத்தையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பெட்டியே ஓட்டையாக இருக்கும் நாளும் வரும். 2024 ஜனவரி கடைசியில் இவான்டி விபிஎன் சாதனங்களை 48 மணி நேரத்துக்குள் கழற்றிவிடும்படி அமெரிக்க அரசுத் துறைகளுக்கு அங்குள்ள சைபர் பாதுகாப்பு முகமை உத்தரவிட்டது. பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) வந்தால் யார், எத்தனை நாளில் போடுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் யாரும் போடமாட்டார்கள்.

2021-இல் ரான்சம்வேர் தாக்கி அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் பைப்லைன் நின்றுபோகக் காரணம் மிகச் சாதாரணமானது: யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் கணக்கு, ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது, பாஸ்வேர்டு ஒன்று போதுமானதாக இருந்தது. தாக்கியவர்களுக்கு 75 பிட்காயின் கொடுத்தார்கள். பெரிய கருவிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் மெயில், விபிஎன், க்ளவுட் நிர்வாகி கணக்கு மூன்றிலும் இரண்டாவது சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

கேமரா, பிரின்டர், விருந்தினர் வைஃபை, அக்கவுண்ட்ஸ் சர்வர் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடப்பது இன்னொரு நோய். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடப்பட்டபோது உள்ளே வந்த வழி, ஏசி வேலை பார்த்த ஒப்பந்ததாரரின் கணக்கு. ஒரே நெட்வொர்க்கை விஎலேன் (தனித்தனிப் பகுதிகள்) போட்டுப் பிரிக்கத் தெரிந்த ஸ்விட்ச் விலையில் பெரிய வித்தியாசமில்லை, அதை அமைத்துத் தருவதும் கோட்டேஷனில் சேர்ந்ததா என்று பாருங்கள். முக்கியமாக, பேக்கப் சர்வரை மற்ற கணினிகள் இருக்கும் அதே டொமைனில் (எல்லாக் கணினிகளின் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்காதீர்கள். 2017-இல் நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது அந்த அமைப்பை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாமே அழிந்தன, கானாவில் ஒன்றைத் தவிர. அங்கே அந்த நேரத்தில் கரன்ட் இல்லாததால் அது தப்பியது.

கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒன்று. க்ளவுட் கணக்கின் முதன்மை லாகின், டொமைன் பெயர் (உங்கள் இணையதள முகவரி), ஃபயர்வால் நிர்வாகி பாஸ்வேர்டு, பேக்கப்பின் மறையாக்கச் சாவி இந்த நான்கும் யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கப்போகிறது என்று எழுதி வாங்குங்கள். அமைத்துக் கொடுப்பவர் அவசரத்துக்குத் தன் சொந்த மெயிலில் தொடங்குவது சர்வ சாதாரணம், அவர் வேலையை விட்டுப்போன பிறகு அந்தக் கணக்கை மீட்பதற்கு மாதக்கணக்கில் அலைய நேரிடும்.