சொல்லடைவை அகரவரிசைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் ஊர் வரலாறு, கோயில் வரலாறு, குல வரலாறு என்று புத்தகங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. சிலவற்றில் கடைசியில், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவும் உண்டு. அதில் அந்தியூர், அன்னூர், அறச்சலூர், அவிநாசி என்று ஊர்கள் வரிசையாக நின்றால், மென்பொருள் தந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அகராதி பார்த்துப் பழகியவர் அந்தியூருக்கு அடுத்து அவிநாசியைத் தேடுவார். ‘அவிநாசியக் காணமுங்களே’ என்பார். சரியான வரிசை அந்தியூர், அவிநாசி, அறச்சலூர், அன்னூர்.

மென்பொருள் பார்ப்பது எழுத்தின் யூனிகோட் எண்ணை மட்டும், அதாவது கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்திருக்கும் பொது எண்ணை. அந்த எண்கள் 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு அமைப்பை ஒட்டி, இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே சட்டகத்தில் கொடுக்கப்பட்டவை. அதனால் ன போய் ந பக்கத்திலும், ற போய் ர பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால், அதுவும் இடம் மாறி. ஜ-வுக்குக் கிடைத்த இடம் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். பவானிப் பக்கத்து ஜம்பை சோமனூரை அடுத்து வந்துவிடும். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் வெள்ளகோவிலுக்கும் பிறகு, கடைசியில்தான் வரவேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது புள்ளி. அகராதியில் த் முதலில், அப்புறம்தான் த, தா, தி. யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்க்குறிகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆகவே சதுமுகை முன்னால் போய்விடும், சத்தியமங்கலம் பின்னால் தள்ளப்படும். ஊர்ப் பெயர்களில் இரட்டிக்கும் மெய் அதிகம் என்பதால் பக்கத்துக்குப் பக்கம் இந்தக் குளறுபடி இருக்கும்.

லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் வேலை செய்பவர்கள் அடைவு தயாரிக்கப் பழைய மேக்இன்டெக்ஸ் நிரலையே நம்பியிருப்பது அடுத்த தவறு. அது எழுத்தைப் பார்க்காது, கணினி சேமிக்கும் சிறு அலகான பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் ஒன்றேதான். அதனால் அ, ஆ, இ என்று பிரிவுத் தலைப்புகூட ஒழுங்காக வராது. மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியு நூலகத்தைப் பயன்படுத்தும் அப்மென்டெக்ஸ் நிரலுக்கு மாறுவது நல்லது. லிப்ரே ஆபிஸில் அடைவுக்கான மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. மறக்காமல் அதைச் செய்யுங்கள்.

மேக்இன்டெக்ஸை விட முடியாதென்றால் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசைச் சாவி கொடுக்க வேண்டும்: @ குறிக்கு முன் சாவி, பின் அச்சாகும் சொல். உயிர் 01 முதல் 12 வரை, ஆய்தம் 13, க 14 என்று தொடங்கி ன 31 வரை எண் கொடுத்து, ஒவ்வொரு மெய்யோடும் அதன் உயிரின் எண்ணைச் சேருங்கள், புள்ளிக்கு 00. சத்தி என்பது 1601 2000 2003, சது என்பது 1601 2005. இடைவெளி விடாமல் சேர்த்து எழுதினால் சத்தியமங்கலம் தானாக முன்னே வரும். ஒரு சின்ன நிரல் இதைச் செய்துவிடும். ஆனால் சாவி முழுக்க இலக்கமாக இருந்தால் மேக்இன்டெக்ஸ் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு மதிப்பை ஒப்பிடும். முன்னால் ஏதாவது ஓர் எழுத்தை ஒட்டிவிடுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பதிவுக்குப் பக்கத்திலேயே வரிசைக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. அதைக் காலியாகவே விட்டுவிடுகிறோம். கோயில் புத்தகத்தில் எல்லாக் கோயிலும் ‘அருள்மிகு’ என்று தொடங்கி அ-வில் போய்க் குவிவது அதனால்தான். பாரியூர்க் கொண்டத்துக் காளியம்மன் கொ-வில் இருந்தால்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள். அச்சில் அருள்மிகு இருக்கட்டும், பெட்டியில் அம்மன் பெயர் போதும். தலைப்பெழுத்துக்கும் இதேதான் வழி: பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் சு-வில் வரவேண்டும். ஜி. டி. நாயுடுவை மட்டும் நான் ஜி-யிலேயே விடுவேன். அவரை வேறு எங்கும் யாரும் தேடமாட்டார்கள்.

கணினியில் தட்டச்சு செய்து தரும் டிடிபி கடைகளிலிருந்து வரும் பழைய கோப்புகளில் இன்னொரு வம்பு. பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. அந்த நிலையில் வரிசைப்படுத்தினால் கெ, தெ, பெ எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ‘கொ’ என்பது கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாக நிற்கலாம்; கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அடைவில் கொடுமுடி இரண்டு முறை வரும், ஒன்று கெ-வரிசைக்குள் புகுந்திருக்கும். பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். கௌந்தப்பாடியில் ‘ள’ எழுத்தையே தட்டி வைத்திருந்தால் தீராது, தேடித்தான் திருத்த வேண்டும். கௌந்தப்பாடியா கவுந்தப்பாடியா என்பதையும் அப்போதே முடிவு செய்து, மற்றதற்கு ‘காண்க’ போட்டுவிடுங்கள்.

உருவான அடைவுக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். ஆசிரியர் ஒரு படத்தைச் சேர்க்கச் சொன்னால் பக்கங்கள் நகரும், அடைவை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும், ராத்திரி முழுக்க இழுத்து வைத்த வரிசை ஒரு நொடியில் போய்விடும். மூலத்தில் சாவியைத் திருத்துங்கள். பிறகு ஆத்தூர், ஆழியாறு, ஆனைமலை மூன்றும் இதே வரிசையில் நிற்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்பலாம்.