சனிக்கிழமை வீக்கம்

மகனுக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ: ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் உடலில் கிட்டத்தட்ட இல்லாத நோய். திங்கள், புதன், வெள்ளி இரவு 9 மணிக்கு ஃபேக்டர் 8 ஊசி. அப்படியும் மூன்று மாதமாக, சனிக்கிழமை விடிந்தால் இடது முழங்கால் உள்ளே ரத்தம் கசிந்து சூடாக, வீங்கி இருக்கும். ஷூவை மாற்றினோம். சைக்கிளை நிறுத்தினோம். இன்ஹிபிட்டர் (ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும் எதிர்ப்பொருள்) பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. 'நேத்து ராத்திரிதானே போட்டோம்' என்ற நினைப்புதான் எங்களை ஏமாற்றியது.

ஊசி நோட்டில் பள்ளி டைம்டேபிளையும் பக்கத்திலேயே எழுதியபோதுதான் பிடிபட்டது: வெள்ளி மதியம் 3 மணிக்கு விளையாட்டு பீரியட். புதன் இரவு போட்ட மருந்துக்கு அப்போது 42 மணி நேரம் ஆகியிருக்கும். அது பாதியாகக் குறைய சுமார் 12 மணி நேரமே போதும். டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். அதே அளவு, அதே நாட்கள். நேரம் மட்டும் காலை ஆறரை.

எட்டு வாரமாக வீக்கம் இல்லை. அப்பாடா! நேற்று விளையாடிவிட்டு வந்தவன், சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான்.